வெளித்தரப்பினரோடு கூட்டு வளர்ப்பது எப்படி: திருப்பூர்த் தொழிலை முன்வைத்து ஒரு வழிகாட்டி

ஒரு நிறுவனத்தின் உரிமையாளராகவோ ஊழியராகவோ இல்லாமல், அந்த நிறுவனம் நடப்பதால் நன்மையையோ தீமையையோ அடைகிறவர்கள் எல்லாரும் அதற்கு வெளித்தரப்பினர். சரக்கு வாங்குபவர், நூல் தருபவர், ஜாப் ஒர்க் செய்து தருபவர், வங்கி, தொழிற்சங்கம், ஊராட்சி, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், பக்கத்துத் தோட்டத்து விவசாயி, கல்லூரி என்று இந்தப் பட்டியல் நீளும். கொடுக்கல் வாங்கலோடு நின்றுவிடும் இந்தத் தொடர்புகளை, இரு தரப்பும் சேர்ந்து ஒரு காரியத்தைச் செய்து முடிக்கும் உறவாக மாற்றும் முறையை இங்கே விளக்குகிறேன். 50 முதல் 500 பேர் வரை வேலை செய்யும் சிறு, நடுத்தர நிறுவனங்களை நடத்துகிறவர்களை மனத்தில் வைத்தே எழுதுகிறேன். பெரிய நிறுவனங்களுக்கு இதற்கென்று தனித்துறையும் ஆலோசகர்களும் இருக்கிறார்கள். சிறு நிறுவனத்தில் முதலாளியும் மேலாளரும்தான் இதைச் செய்தாக வேண்டும்.

பணம் தருகிறவரிடம் முதலில் போய் நிற்பது தொழிலின் இயல்பு. ஆனால் உங்களோடு எந்த வரவு செலவும் இல்லாமல், உங்கள் தொழிலால் வரும் இழப்பை மட்டும் சுமக்கிற தரப்பு ஒன்று இருந்தால், அவரிடம்தான் முதலில் போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அப்படிப் போகாமல் விட்டதற்கு ஒரு முழுத் தொழில் நகரமும் என்ன விலை கொடுத்தது என்பதைத் திருப்பூரின் வரலாறு காட்டுகிறது. அதே ஊர், பல தரப்புகள் கூடி உட்கார்ந்தால் எவ்வளவு பெரிய காரியங்களைச் செய்யலாம் என்பதையும் காட்டியிருக்கிறது. ஆகவே இந்த வழிகாட்டி முழுவதும் அந்த ஊரை விட்டு விலகாமல் நடக்கும்.

நொய்யலில் நடந்தது

நொய்யல் ஆறு வெள்ளியங்கிரி மலைப்பகுதியில் பிறந்து, கோவையையும் திருப்பூரையும் கடந்து, கரூர் மாவட்டத்தில் காவிரியோடு கலக்கிறது. பருத்தித் துணிக்குச் சாயமேற்றும்போது சாயம் நன்றாகப் பிடிப்பதற்காகச் சாயத்தொட்டியில் பெருமளவு உப்பைச் சேர்க்கிறார்கள். வேலை முடிந்ததும் அந்த உப்பு தண்ணீரோடு வெளியேறுகிறது. பனியன் ஏற்றுமதி வளர வளரச் சாயப்பட்டறைகளும் சலவைப்பட்டறைகளும் பெருகின. அவற்றின் கழிவுநீர் ஆற்றில் இறங்கி, பாசனத்துக்கென்று 1990களின் தொடக்கத்தில் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் போய்த் தேங்கியது. அணையைத் திறந்துவிடுங்கள் என்று கேட்க வேண்டிய ஆயக்கட்டு (அணைநீரால் பாசனம் பெறும் நிலப்பகுதி) விவசாயிகள், திறக்காதீர்கள் என்று போராடும் நிலை உண்டாயிற்று. கரையோரக் கிணறுகள் உப்பேறின, நிலம் கெட்டது.

தொழில்துறை சும்மா இருந்துவிட்டது என்று சொல்ல முடியாது. தனியாகச் சுத்திகரிப்பு நிலையம் கட்ட முடியாத பட்டறைகள் சேர்ந்து நிறுவனங்களைப் பதிவு செய்தன. 1990களின் பிற்பகுதியிலிருந்து பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களை அமைத்தன. போட்டியாளர்கள் ஒன்றுகூடிப் பணம் போட்டுப் பொதுவாக ஒன்றைக் கட்டியது உண்மையிலேயே பெரிய செயல். ஆனால் அந்த நிலையங்கள் சாயத்தின் நிறத்தை நீக்கினவே தவிர, கரைந்திருந்த உப்பை நீக்கவில்லை. விவசாயியின் கிணற்றையும் வயலையும் கெடுத்தது நிறத்தைவிட உப்புதான். பாதிக்கப்பட்டவரின் கிணற்றடியிலிருந்து பேச்சைத் தொடங்கியிருந்தால், எதை அளக்க வேண்டும், எதை நீக்க வேண்டும் என்பது தொடக்கத்திலேயே தெரிந்திருக்கும் என்றே நான் கருதுகிறேன்.

பேச்சு நடக்க வேண்டிய இடத்தில் வழக்கு நடந்தது. நொய்யல் ஆற்று ஆயக்கட்டுதாரர்களின் பாதுகாப்புச் சங்கம் தொடுத்த வழக்கில், ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே போகக் கூடாது என்ற நிலையை எட்டுவதற்குச் சென்னை உயர் நீதிமன்றம் 2006 டிசம்பரில் கெடு விதித்தது. அதுவரை வெளியேற்றும் ஒவ்வொரு லிட்டருக்கும் பைசாக் கணக்கில் அபராதமும் விதித்தது. உச்ச நீதிமன்றம் 2009 அக்டோபரில் அந்த நிலைப்பாட்டை உறுதி செய்தது. கெடு கடந்தும் நிலைமை சீராகாததால், 2011 ஜனவரி 28 அன்று சாய, சலவைப் பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடும்படி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. துணியைச் சாயமேற்ற வெளியூர்களுக்கும் வெளிமாநிலங்களுக்கும் அனுப்ப வேண்டியதாயிற்று. ஆர்டரைப் பிடித்து வைத்திருந்தவர்கள் ஷிப்மென்ட் தேதியைக் காப்பாற்றத் தவித்தார்கள். வெளியூரிலிருந்து பிழைக்க வந்த தொழிலாளர்களில் பலர் ஊர் திரும்பினார்கள்.

அதன் பிறகு நடந்ததையும் கவனிக்க வேண்டும். அருள்புரம் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் உப்புக்கரைசலைப் பிரித்தெடுத்து மறுபடியும் சாயமேற்றப் பயன்படுத்தும் முறையைச் சோதித்தார்கள். தமிழ்நாடு அரசு பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்காக 200 கோடி ரூபாயை வட்டியில்லாக் கடனாக அறிவித்தது. வாரியமும் நீதிமன்றமும் கண்காணிக்க, நிலையங்கள் படிப்படியாகத் திறக்கப்பட்டன. இன்று அந்த ஊரின் சாயத்தொழில், கழிவுநீரில் பெரும்பகுதியை மீட்டுத் திரும்பப் பயன்படுத்துகிறது. தொழில்நுட்பம், அரசுப் பணம், பட்டறைகளின் பங்கு, கண்காணிப்பு ஆகிய நான்கும் சேர்ந்த பிறகுதான் இது கைகூடியது. இந்த நான்கையும் மூடல் உத்தரவுக்கு முன்பே சேர்த்திருந்தால் எவ்வளவு இழப்பு தவிர்ந்திருக்கும் என்பதை உங்கள் தொழிலுக்குப் பொருத்திப் பாருங்கள்.

யார் யார் என்று கண்டறிதல்

அலுவலக மேசையில் அமர்ந்து பட்டியல் எழுதினால், அடிக்கடி தொலைபேசியில் பேசுகிறவர்கள் மட்டுமே நினைவுக்கு வருவார்கள். அதனால் பட்டியலை நடந்து தயாரிக்க வேண்டும். உங்கள் நிறுவனத்துக்குள் வருகிற, அதிலிருந்து வெளியேறுகிற ஐந்து பொருள்களைத் தொடர்ந்து போங்கள்: சரக்கு, தண்ணீர், பணம், ஆள், வண்டி. தண்ணீர் எந்தக் கிணற்றிலிருந்து லாரியில் வருகிறது, அந்தக் கிணற்றுக்கு அக்கம்பக்கத்தில் நீர்மட்டம் எப்படி இருக்கிறது, கழிவு எந்த வாய்க்கால் வழியாக எந்த ஊர் வரை போகிறது என்று கடைசி வரை போய்ப் பார்க்க வேண்டும். ஆள் என்றால், தொழிலாளி எந்த ஊரிலிருந்து எந்த வாகனத்தில் வருகிறார், இரவு ஷிப்ட் முடிந்து எங்கே இறங்கி நடக்கிறார், எந்த விடுதியில் தங்குகிறார் என்பது வரை தெரிய வேண்டும். வண்டி என்றால், சரக்கு லாரி காலையில் எந்தப் பள்ளிக்கூடத்து வாசலைக் கடக்கிறது என்பதும் அதில் அடங்கும்.

இப்படிக் கிடைத்த ஒவ்வொரு பெயருக்கும் எதிரே இரண்டு செய்திகளை எழுதுங்கள். அவரிடமிருந்து நாம் எதை எடுத்துக்கொள்கிறோம் என்பது ஒன்று. அவரிடம் நாம் எதை விட்டுவிட்டு வருகிறோம் என்பது மற்றொன்று. வாங்குபவரிடம் ஆர்டரும் பணமும் எடுக்கிறோம், சரக்கை விட்டு வருகிறோம்; அங்கே கணக்கு நேராகிவிடுகிறது. வாய்க்கால் ஓரத்துத் தோட்டக்காரரிடம் எதையும் வாங்குவதில்லை, ஆனால் உப்பையோ புகையையோ சத்தத்தையோ விட்டுவருகிறோம். இப்படிப் பெறுவது எதுவுமில்லாமல் சுமப்பது மட்டுமே உள்ள பெயர்களுக்கு அடிக்கோடு இடுங்கள். முதல் சந்திப்புகள் அவர்களோடுதான் நடக்க வேண்டும். இதை இரக்கத்தின் பேரில் மட்டும் சொல்லவில்லை. உங்களிடமிருந்து எந்த நன்மையும் பெறாதவர் உங்கள் தொழில் நின்றுபோனால் எதையும் இழக்க மாட்டார். ஆகவே உங்களை நிறுத்தக்கூடிய வலுவும் அவருக்குத்தான் அதிகம் இருக்கிறது.

முதல் சந்திப்பு

முதல் சந்திப்புக்கு முதலாளியே போக வேண்டும். மனிதவள அதிகாரியையோ வழக்கறிஞரையோ முதலில் அனுப்பினால், எதிர்த்தரப்பு அதைப் பேச்சாகக் கொள்ளாமல் தற்காப்பாகவே கொள்ளும். இடம் அவருடைய இடமாக இருப்பது நல்லது: அவருடைய தோட்டம், சங்க அலுவலகம், ஊராட்சி மன்றக் கட்டடம். நேரமும் அவருக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். விதைப்பு நாளிலும் அறுவடை நாளிலும் விவசாயியைக் கூட்டத்துக்கு அழைப்பது அவரை மதிக்கவில்லை என்பதற்கு அடையாளமாகிவிடும்.

போவதற்கு முன்பு அவருடைய சிக்கலை எண்ணளவில் தெரிந்துகொள்ளுங்கள். அவருடைய கிணற்று நீரில் கரைந்துள்ள உப்பின் அளவு என்ன, எந்த மாதங்களில் கூடுகிறது, எந்தப் பயிரைக் கைவிட்டு எதற்கு மாறினார் என்பதைக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். நீரை ஆய்வுக்கு அனுப்புவதானால், இரு தரப்பும் பார்த்திருக்க ஒரே நேரத்தில் மாதிரி எடுத்து, இரு பாட்டில்களில் முத்திரையிட்டு, ஒன்றை அவரிடமே கொடுத்துவிடுவது சிறந்த முறை. தனித்தனியே எடுத்த அளவுகள் பின்னாளில் தனித்தனி உண்மைகளாகி, அளவைப் பற்றியே ஆண்டுக்கணக்கில் சண்டை நடப்பதற்கு இடமளிக்கும். சேர்ந்து எடுத்த ஓர் அளவு, அது உங்களுக்குப் பாதகமாக இருந்தாலும், பேச்சுக்கு ஓர் அடித்தளம் தருகிறது.

முதல் நாளிலேயே வாக்குறுதி கொடுக்க வேண்டாம். கோயில் திருப்பணிக்கு நன்கொடை தருகிறேன், பள்ளிக்கூடத்துக்கு மேசை நாற்காலி வாங்கித் தருகிறேன் என்று சொல்லிப் பேச்சைத் தொடங்குவது பலருக்கும் பழக்கமாக இருக்கிறது. நன்கொடை நல்லதுதான். ஆனால் பாதிப்பைப் பற்றிப் பேச வந்த இடத்தில் நன்கொடையைப் பற்றிப் பேசினால், வாயை அடைக்க வந்திருக்கிறார் என்ற எண்ணமே எழும். கேட்டதை எழுதிக்கொண்டு, என்ன பதில் எந்தத் தேதியில் தருவீர்கள் என்பதை மட்டும் சொல்லிவிட்டு, அந்தத் தேதியில் பதிலோடு திரும்பப் போங்கள். பதில் "இது எங்களால் முடியாது" என்பதாக இருந்தாலும், சொன்ன தேதியில் நேரில் போய்க் காரணத்தோடு சொன்னவர் மீது நம்பிக்கை வளரத் தொடங்கும்.

நிறுவனங்களின் சமூகப் பொறுப்புச் செலவு பற்றி இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். 2013ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டத்தின் 135ஆம் பிரிவு, 500 கோடி ரூபாய் நிகர மதிப்போ, 1000 கோடி ரூபாய் விற்றுமுதலோ, 5 கோடி ரூபாய் நிகர லாபமோ உள்ள கம்பெனிகள் முந்தைய 3 ஆண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது. பெரும்பாலான சிறு நிறுவனங்கள் இந்த வரம்புக்குள் வருவதில்லை. வரும் நிறுவனங்களும் தம்மால் உண்டான மாசைச் சரிசெய்யும் கடமையை இந்தச் செலவோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது. மாசைச் சரிசெய்வது தொழிலின் செலவு. அதைத் தர்மம் என்று கணக்கு எழுதினால் பாதிக்கப்பட்டவர் அவமதிக்கப்பட்டதாகவே உணர்வார்.

பணத்தை உரிய நாளில் கொடுப்பதே முதல் உடன்படிக்கை

உங்களுக்கு வேலை செய்து தருகிற சிறு நிறுவனங்களைப் பொறுத்தவரை, கூட்டு என்பது கூட்டங்களாலும் விருந்துகளாலும் வளர்வதில்லை. பில் தொகை எந்த நாளில் கைக்கு வருகிறது என்பதில்தான் வளர்கிறது. திருப்பூரில் ஒரு டி-சர்ட் முழுமையடைய நிட்டிங், சாயம், காம்பாக்டிங், பிரிண்டிங், எம்பிராய்டரி, பவர்டேபிள் (கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் பிரிவு) என்று பல கைகள் மாற வேண்டும். ஒவ்வொன்றும் தனி நிறுவனமாகவும் பெரும்பாலும் ஒரு குடும்பம் நடத்துவதாகவும் இருக்கும். வெளிநாட்டிலிருந்து பணம் வரத் தாமதமானால், ஏற்றுமதியாளர் அந்தத் தாமதத்தை அப்படியே கீழே தள்ளிவிடுகிறார். அது பவர்டேபிள்காரரின் வாரச் சம்பள நாளில் போய் இடிக்கிறது. சனிக்கிழமை சம்பளம் கொடுக்க முடியாதவரிடம் திங்கட்கிழமை வேலைக்கு ஆள் வர மாட்டார்கள்; அடுத்த வாரம் உங்கள் சரக்கும் வராது.

சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. 2006ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் வளர்ச்சிச் சட்டத்தின்படி, பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனத்திடம் சரக்கோ சேவையோ பெற்றவர் ஒப்புக்கொண்ட நாளுக்குள் பணம் தர வேண்டும். எழுத்தில் எப்படி ஒப்புக்கொண்டாலும் அந்தக் காலம் 45 நாளைத் தாண்டக் கூடாது. எழுத்து ஒப்பந்தமே இல்லாவிட்டால் 15 நாள்தான். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மும்மடங்கு வட்டியை, மாதந்தோறும் கணக்கிடும் கூட்டு வட்டியாகக் கொடுக்க வேண்டும். 2023ஆம் ஆண்டு நிதிச் சட்டம் இன்னும் ஒரு கட்டுப்பாட்டைச் சேர்த்தது. அதன்படி, உரிய காலத்துக்குள் கொடுக்காத தொகையை உண்மையில் கொடுத்து முடிக்கும் ஆண்டில்தான் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியும்.

இந்த விதிகள் இருப்பதாலேயே, பதிவு செய்யாத ஆளாகப் பார்த்து வேலை கொடுப்போம் என்று எண்ணுகிறவர்கள் இருக்கிறார்கள். அது மிகவும் குறுகிய பார்வை. உங்களோடு வேலை செய்கிறவர்கள் உத்யம் எனப்படும் குறு, சிறு, நடுத்தர நிறுவனப் பதிவைச் செய்துகொள்ள நீங்களே உதவுங்கள். சில நடைமுறைகளையும் கடைப்பிடியுங்கள்: சரக்கு வந்த அன்றே தரத்தைப் பார்த்து ஏற்பு அல்லது மறுப்பை எழுத்தில் கொடுப்பது, டெபிட் நோட் (குறைக்காகப் பில் தொகையில் கழிக்கும் சீட்டு) போடுவதானால் குறையுள்ள பீஸை அவர் கண்ணெதிரே காட்டிவிட்டுப் போடுவது, பணம் தாமதமாகும் என்று தெரிந்த அன்றே, அவர் கேட்பதற்கு முன்பே தேதியைச் சொல்லிவிடுவது. வாங்குபவர் பெரிய இந்திய நிறுவனமாக இருந்தால், அவர் ஏற்ற பில்லை ட்ரெட்ஸ் எனப்படும் மின்னணுத் தளங்களில் வைத்து நிதி நிறுவனத்திடம் முன்கூட்டியே பணம் பெறும் வழியும் உண்டு. அந்தத் தளங்கள் ரிசர்வ் வங்கியின் அனுமதி பெற்று நடப்பவை.

தொழிற்சங்கத்தோடு உட்காருதல்

தொழிற்சங்கத்தைப் பேச்சுவார்த்தை முறிந்த பிறகு சந்திக்கும் எதிரியாகவே பலர் வைத்திருக்கிறார்கள். பனியன் தொழிலில் உரிமையாளர் சங்கங்களும் பல அரசியல் சார்புகளைக் கொண்ட தொழிற்சங்கங்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கூலி உயர்வு ஒப்பந்தம் போடும் வழக்கம் நெடுங்காலமாக இருந்துவருகிறது. சுற்றுச் சுற்றாகப் பேச்சு நீளும். சில சமயம் வேலைநிறுத்தமும் வரும். ஆனாலும் ஒப்பந்தம் கையெழுத்தானதும், வரும் ஆண்டுகளில் கூலி எவ்வளவு சதவீதம் உயரும் என்பது முன்னமே தெரிந்துவிடுவதால், ஆர்டருக்கு விலை சொல்லும்போது ஏற்றுமதியாளருக்கு ஓர் உறுதி கிடைக்கிறது. இந்தப் பயனை முதலாளிகள் போதிய அளவு எண்ணிப் பார்ப்பதில்லை என்பது என் வருத்தம்.

கூலிக்கு அப்பாற்பட்ட விஷயங்களிலும் இப்படி உட்கார முடியும் என்பதற்குத் திண்டுக்கல் ஒப்பந்தம் ஒரு சான்று. ஆயத்த ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்த இளம்பெண் 2021ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கொல்லப்பட்டதை அடுத்து, பெண் தொழிலாளர்கள் தலைமையேற்று நடத்தும் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கமும், ஆசிய அடிப்படைக் கூலிக் கூட்டணி (Asia Floor Wage Alliance) உள்ளிட்ட பன்னாட்டு அமைப்புகளும், ஏற்றுமதி நிறுவனமும் 2022 ஏப்ரலில் இதில் கையெழுத்திட்டன. சரக்கு வாங்கும் வெளிநாட்டு நிறுவனங்களும் சட்டப்படி கட்டுப்படும் உடன்படிக்கைகளின் வழியே இதனோடு இணைந்தன. தையல் வரிசையிலேயே வேலை செய்யும் பெண்களில் சங்கம் தேர்ந்தெடுத்தவர்கள் கண்காணிப்பாளர்களாகி, பாலியல் துன்புறுத்தல் பற்றிய புகாரைப் பழிவாங்கலுக்கு அஞ்சாமல் எடுத்துச்செல்ல வழி செய்தது இந்த ஒப்பந்தம். ஆண்டுக்கு ஒருமுறை வந்துபோகும் ஆடிட்டர் பார்க்க முடியாததை, அன்றாடம் அதே வரிசையில் உட்கார்ந்திருப்பவர் பார்ப்பார். இவ்வளவு பெரிய துயரம் நேர்வதற்கு முன்பே இத்தகைய ஏற்பாட்டைச் செய்துகொள்ள எந்த நிறுவனத்துக்கும் தடையில்லை.

உடன்படிக்கையை எழுதும் முறை

வாய்ப்பேச்சில் நிற்கும் கூட்டு, பேசியவர் மாறியதும் முடிந்துபோகும். அதனால் இரண்டு பக்க அளவிலாவது எழுத வேண்டும். அதையும் இரு தரப்புக்கும் தெரிந்த மொழியில், அதாவது தமிழில் எழுத வேண்டும். யார் எதைத் தருகிறார்கள், எந்த நாளுக்குள், அது நடந்ததா என்பதை யார் அளப்பார், அளவு யாருக்கெல்லாம் தெரிவிக்கப்படும், நடக்காவிட்டால் அடுத்து யாரிடம் போவது, விலக நினைப்பவர் எத்தனை நாள் முன்னதாகச் சொல்ல வேண்டும் என்ற கேள்விகளுக்கு அதில் பதில் இருந்தால் போதும். நல்லெண்ணம், பரஸ்பர மரியாதை போன்ற சொற்களால் பக்கத்தை நிரப்புவதைவிட, மாதத்தின் எந்த நாளில் நீர் மாதிரி எடுப்பது என்று ஒரு வரி எழுதுவது பயனுள்ளது.

ஒரு கேள்வியை மட்டும் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள்: நாம் கணித்தது நடக்காவிட்டால் இழப்பை யார் ஏற்பது? திருப்பூரின் குடிநீர்த் திட்டம் இதை நன்றாகக் கற்பிக்கிறது. தண்ணீர்ப் பஞ்சத்தால் லாரித் தண்ணீரை நம்பியிருந்த ஊருக்கு, தமிழ்நாடு அரசும் நிதி நிறுவனங்களும் திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் சங்கமும் சேர்ந்து, 1995இல் நியூ திருப்பூர் பகுதி வளர்ச்சிக் கழகம் என்ற கம்பெனியை உருவாக்கின. பவானிக்கு அருகே காவிரியிலிருந்து நாளொன்றுக்கு 18.5 கோடி லிட்டர் வரை கொண்டுவரும் திட்டம் 2005இல் செயல்பாட்டுக்கு வந்தது. தொழிற்சாலைகள் கூடுதல் கட்டணம் தரும், அதைக் கொண்டு வீடுகளுக்கும் கிராமங்களுக்கும் குறைந்த கட்டணத்தில் தண்ணீர் போகும் என்பது ஏற்பாடு. நாட்டில் அரசும் தனியாரும் சேர்ந்து செய்த தண்ணீர்த் திட்டங்களில் இது முன்னோடி. ஊரின் தாகத்தைத் தீர்த்ததில் அதற்குப் பெரும் பங்குண்டு.

ஆனால் அந்தக் கணக்கு முழுவதும் சாயப்பட்டறைகள் தண்ணீர் வாங்கிக்கொண்டே இருக்கும் என்பதை நம்பி நின்றது. 2011இல் பட்டறைகள் மூடப்பட்டன. திறந்த பிறகு, கழிவுநீரையே மீட்டுப் பயன்படுத்தியதால் அவற்றின் தேவை குறைந்தது. ஆற்றுக்கு நல்லதாக முடிந்த ஒன்று, தண்ணீர் விற்கும் கம்பெனியின் வருவாயைப் பாதித்தது; அது கடனைத் திருப்பிச் செலுத்தத் திணறியது. ஒரு கூட்டு வென்றதால் இன்னொரு கூட்டு தளர்ந்தது என்பதை நினைவில் வையுங்கள். உங்கள் உடன்படிக்கை எந்த எதிர்பார்ப்பின் மேல் நிற்கிறதோ, அதை ஒரு வரியாக எழுதி, அது பாதியாகக் குறைந்தால் என்ன செய்வோம் என்பதை அதன் கீழே எழுதிவிட வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை அந்த வரியை எடுத்துப் படித்துப் பார்க்க ஒரு நாளைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

பெரிய உடன்படிக்கைக்கு முன்னால் சிறிய வேலை ஒன்றைச் சேர்ந்து செய்து பார்ப்பது எப்போதும் நல்லது. ஒரு வாய்க்காலைத் தூர்வாருவது, ஒரு பருவத்துக்கு ஐந்து கிணறுகளின் நீரை அளப்பது, ஒரு தையல் வரிசையில் மட்டும் புதிய வேலை நேரத்தைச் சோதிப்பது என்று மூன்று மாதத்தில் முடியக்கூடியதாக அது இருக்கட்டும். சேர்ந்து வேலை செய்யும்போதுதான் எதிர்த்தரப்பில் யார் முடிவெடுப்பவர், யார் சொன்ன சொல்லைக் காப்பவர் என்பது தெரியவரும்.

வாங்குபவரோடு

வெளிநாட்டு பையரோடு சமமாகப் பேச முடியாது என்ற மனநிலை நம்மிடம் ஊறியிருக்கிறது. விலையில் அது பெரும்பாலும் உண்மைதான். ஆனால் கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியேற்றாமல் சாயமேற்றும் ஊர் என்பது, தன் நாட்டு வாடிக்கையாளருக்கும் சட்டத்துக்கும் பதில் சொல்ல வேண்டிய பையருக்கு மிகவும் தேவையான ஒன்று. அதற்கான செலவைச் சாயப்பட்டறைகள்தான் முதலில் சுமக்கின்றன. கழிவுநீரை ஆவியாக்கி உப்பைப் பிரிக்கும் இயந்திரங்களுக்கு எரிபொருளும் மின்சாரமும் மிகுதியாகச் செலவாகின்றன. விலை பேசும்போது சுத்திகரிப்புச் செலவை, ஒரு கிலோ துணிக்கு இவ்வளவு என்று தனி வரியாகக் காட்டி ஓப்பன் காஸ்டிங் கொடுங்கள். மொத்த விலைக்குள் அதைப் புதைத்துவிட்டால், பேரம் பேசும்போது முதலில் வெட்டப்படுவதும் அதுவாகவே இருக்கும்.

பையரிடம் விலையை மட்டும் கேட்காமல், அவரால் எளிதில் தரக்கூடிய வேறு சிலவற்றையும் கேட்கலாம். அடுத்த இரண்டு பருவங்களுக்கான உத்தேச ஆர்டர் அளவு, கடைசி நேரத்தில் நிறத்தை மாற்றாமல் இருப்பது, ஒரே தகவலுக்காகப் பல ஆடிட் வைக்காமல் ஒன்றை ஏற்றுக்கொள்வது ஆகியவை அவருக்குப் பெரிய செலவில்லாதவை. உங்களுக்கும் உங்கள் தொழிலாளிகளுக்கும் அவை பெரும் நிம்மதி தருபவை. கடைசி நேர நிற மாற்றம் ஒன்றால் ஒரு வாரம் முழுவதும் ஓவர்டைம் ஆகிவிடும். அதே பையரின் ஆடிட்டர் பிறகு வந்து ஓவர்டைம் ஏன் கூடியது என்று கேட்பார். இந்தத் தொடர்பை அவருடைய பர்ச்சேஸ் பிரிவுக்கும் ஆடிட் பிரிவுக்கும் ஒரே கூட்டத்தில், பதிவேடுகளோடு காட்டினால், பெரும்பாலும் கேட்டுக்கொள்வார்கள்.

அரசு, கல்லூரி, வங்கி

அரசு அலுவலகத்தோடு பேசத் தனியாகப் போவதைவிடச் சங்கத்தின் வழியே போவது பலன் தரும். திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் சங்கம் 1990இல் தொடங்கியது. அதற்கும் மூத்தது தென்னிந்தியப் பனியன் உற்பத்தியாளர்கள் சங்கம். தண்ணீர், ஆயத்த ஆடைப் பூங்கா, பின்னலாடைக் கல்லூரி போன்றவற்றைத் தனி நிறுவனம் எதுவும் பெற்றிருக்க முடியாது. அதே சமயம், உங்கள் ஆலையின் கழிவு பற்றிய புகாருக்குச் சங்கத்தின் பின்னால் ஒளிந்துகொள்ளக் கூடாது. அங்கே நீங்கள் மட்டுமே பதில் சொல்ல வேண்டியவர். கல்லூரியை ஆட்சேர்ப்புக்கு மட்டும் அணுகாமல், ஒரு குறிப்பிட்ட சிக்கலை, உதாரணமாகச் சாயத்தில் உப்பின் அளவைக் குறைப்பதை, இறுதியாண்டு ஆய்வாகக் கொடுத்து, தொழிற்கூடத்தையும் திறந்துவிடுங்கள். வங்கியிடம் கெட்ட செய்தியை நீங்களே முதலில் சொல்லிவிட வேண்டும். காலாண்டுக் கணக்கில் அது தானாகத் தெரியவந்த பிறகு சொல்வதால் எந்தப் பயனும் இல்லை.

உறவைக் காப்பதும் முடித்துக்கொள்வதும்

நிறுவனத்துக்குள் ஒவ்வொரு வெளித்தரப்புக்கும் பொறுப்பான ஒருவர் பெயர் இருக்க வேண்டும். அவர் விடுப்பில் போனால் அடுத்தவர் பெயரும் இருக்க வேண்டும். எந்த நாளில் யாரோடு என்ன பேசப்பட்டது, என்ன சொல்லப்பட்டது, நடந்ததா என்பதை ஒரு பதிவேட்டில் நான்கு வரியில் எழுதி வைப்பது, முதலாளி மாறி மகன் பொறுப்பேற்கும் குடும்ப நிறுவனங்களுக்கு மிகவும் தேவை. தந்தை கொடுத்த வாக்கு மகனுக்குத் தெரியாமல் போய் உறவு முறிந்த இடங்கள் எல்லாத் தொழில் ஊரிலும் உண்டு.

கழிவுநீர்க் குழாய் உடைந்தாலோ, கொதிகலன் பழுதாகிக் கரும்புகை வந்தாலோ, பக்கத்துக்காரர்கள் தொலைபேசியில் அழைப்பதற்கு முன் நீங்கள் அழையுங்கள். என்ன நடந்தது, எப்போது சரியாகும், அதுவரை எந்தக் கிணற்றின் நீரைப் பயன்படுத்த வேண்டாம் என்ற மூன்றையும் சொன்னால் போதும். காரணம் முழுதாகத் தெரியும் வரை காத்திருக்கத் தேவையில்லை. வாரியத்துக்கும் அதே செய்தி அதே வேளையில் போக வேண்டும். ஒருவருக்குச் சொன்னது இன்னொருவருக்கு வேறு விதமாகப் போய்ச் சேர்ந்தால், பிறகு இருவரும் நம்ப மாட்டார்கள்.

எல்லாக் கூட்டும் என்றைக்கும் நீடிக்க வேண்டியதில்லை. நோக்கம் நிறைவேறியிருக்கலாம், ஒரு தரப்பு தொழிலை மாற்றியிருக்கலாம், உங்களால் தொடர முடியாமலும் போகலாம். அப்போது கடிதம் அனுப்பிவிட்டு விலகிவிடாமல், எழுதிய காலக்கெடுவின்படி முன்னறிவிப்பு கொடுத்து, நேரில் போய்க் காரணம் சொல்லுங்கள். பாக்கித் தொகையைத் தீர்த்து, சேர்ந்து சேகரித்த நீர் அளவுகளையும் பதிவேடுகளையும் அவரிடம் ஒப்படைக்க வேண்டும். உங்களுக்குப் பிறகு அந்த இடத்துக்கு வரும் நிறுவனம் எது என்று தெரிந்தால், அதன் உரிமையாளரை அழைத்துப் போய் அறிமுகம் செய்து வைத்துவிட்டு விலகுவது இன்னும் நல்லது.